நாற்காலிக்குப் பெயரா, நற்பணிக்குப் பெயரா?

கோவிலுக்குக் குழல்விளக்கு ஒன்றை வழங்கும் கொடைவள்ளல், தம் பெயரை, தம் தந்தையார் பெயரை, கடையின் பெயரை, ஊரின் பெயரை எல்லாம் அந்த விளக்கின் மீதே பெரிய எழுத்தில் தீட்டி, ‘உபயம்’ என்று முடித்துவைக்கிறார். விளக்கு எரிகிறது, வெளிச்சம் வரவில்லை! கொடுத்ததும் அவரே, மறைத்ததும் அவரே! இந்த வேடிக்கையைக் கண்டு நகைக்காத பகுத்தறிவாளர் இல்லை. ஆனால், தோழர்களே, நாம் மதித்துப் போற்றும் அறிஞர் கழகங்களும் தமிழ்ச் சங்கங்களும் தத்தம் வரலாற்றை எழுதப் புகும்போது, இதே உபய விளக்கைத்தானே ஏற்றி வைக்கின்றன?

எந்தச் சங்கத்தின் விழா மலரையேனும் எடுத்துப் பாருங்கள். முதற் பக்கத்தில் தலைவர்கள் வரிசை. வட்டத்துக்குள் ஒருவர், சதுரத்துக்குள் ஒருவர். ஒருவர்க்குத் தலைப்பாகை, மற்றொருவர்க்கு அங்கவஸ்திரம். கீழே பட்டங்கள், பதவிகள், தலைமை தாங்கிய ஆண்டுகள். அவர் அந்த ஆண்டுகளில் என்ன செய்தார்? எந்த நூலைப் பதிப்பித்தார்? எந்த ஏட்டைச் செல்லரிக்காமற் காத்தார்? எந்த ஏழை மாணவனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்? விடை இல்லை. வந்தார், அமர்ந்தார், மறைந்தார் — அவ்வளவே! நாற்காலியின் வரலாற்றைச் சங்கத்தின் வரலாறு என்று சொல்லி நம் கையிலே கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கேள்வியை இப்போது எழுப்புவானேன் என்று கேட்கலாம். மதுரைத் தமிழ்ச் சங்கம் பாண்டித்துரையாரால் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-இல் நிறுவப்பெற்றது. 2026 செப்டம்பர் 14 அச் சங்கத்துக்கு 125 ஆண்டு நிறையும் நாள். இத்தகைய நாளையொட்டி மலர்கள் பூக்கும், பட்டியல்கள் பறக்கும், பள்ளித் தமிழ் மன்றங்களிலும் சுவர்ப் பலகைகள் எழும். வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் கூடும் இருக்கன்குடிப் பக்கத்திலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் நாமும், தமிழ்ச் சங்கங்களை நடத்திய பெரியோர்களில் யார் யாரைப் பலகையில் எழுதுவது என்று எண்ணிப் பார்க்க வேண்டியவர்களானோம். எண்ணத் தொடங்கியதுமே ஒன்று விளங்கிற்று. பலகையில் நாம் எழுதும் ஒவ்வொரு பெயரும், பெருமை என்பது எது என்று பிள்ளைகளின் நெஞ்சில் எழுதும் எழுத்து. பிழையாக எழுதினால் நீரூற்றித் துடைக்க முடியாத எழுத்து!

மூன்று சாரார் மூன்று விதமாகப் பேசுகின்றனர். தலைமை தாங்கிய அனைவரையும் ஒருவர் விடாமல் எழுதுக என்பது ஒரு சாரார் வாதம். எங்கள் குலத்துப் பெரியவரை முதலில் எழுதுக, படத்தையும் பெரிதாகப் போடுக என்பது மற்றொரு சாரார் வாதம். ஜமீன்தாரா, அடித்துவிடு! ஐயரா, அழித்துவிடு! சைவப் பழமா, சாய்த்துவிடு! என்பது மூன்றாமவர் முழக்கம். இந்த மூன்றாமவர் வேறு யாருமல்லர். நம் அணியிலே நிற்கும் இளங்காளைகள்தாம். மூவர்க்கும் நம் மறுப்பு உண்டு. முறையாகவே பேசுவோம்.

முதலில், தலைமை தாங்கிய அனைவரையும் எழுதுக என்போர்க்கு ஒரு சொல். உலகின் புகழ்மிக்க அறிவியற் கழகங்களுள் ஒன்று இலண்டன் இராயல் சொசைட்டி. நியூட்டனின் ‘பிரின்சிபியா’ 1687-இல் வெளிவந்தது. மனித இனத்தின் அறிவை ஒரு படி உயர்த்திய அந்நூலின் முகப்பிலே நியூட்டன் பெயரோடு மற்றொரு பெயரும் பெரிய எழுத்தில் நிற்கிறது — சாமுவேல் பீப்ஸ். அவர் கணித மேதையா? அல்லர். வானியல் வல்லுநரா? அல்லர். கடற்படை நிருவாகத்தில் பெயர் பெற்ற அலுவலர். நூலுக்கு அச்சிடும் இசைவு 1686 சூலையில் வழங்கப்பட்டபோது கழகத்தின் தலைவராய் இருந்தவர். அதனால் அவர் பெயர் அங்கே ஏறியது.

நூலை வெளிக்கொணர உழைத்தவர் யார்? எட்மண்ட் ஹாலி! அன்று அவர் அக் கழகத்தில் சம்பளத்துக்கு எழுத்தர் வேலை பார்த்தவர். நியூட்டனைத் தூண்டியவர் அவர். பிழை திருத்தியவர் அவர். கழகம் மீன்களைப் பற்றிய ஒரு பெருநூலை அச்சிட்டுக் கையிருப்பைக் கரைத்துவிட்டுக் கைவிரித்தபோது, தம் கைப்பொருளைச் செலவிட்டு நூலை அச்சேற்றியவரும் அவரே. அவருக்குக் கழகம் தந்த கைம்மாறு என்ன தெரியுமா? சம்பளப் பணத்துக்கு ஈடாக, விற்காமற் கிடந்த அந்த மீன் புத்தகத்தின் படிகள்! தலைவரின் பெயர் முகப்பிலே. தாங்கியவரின் கையிலே மீன் புத்தகம்! ஆண்ட ஆண்டுகளை அளந்து பெயர் எழுதுவதானால் பீப்ஸை எழுத வேண்டும். ஹாலியை விட வேண்டும். ஹாலியை விட்டபின் அங்கே அறிவியற் கழகத்தின் வரலாறு என்று மிஞ்சுவது என்ன?

கடல் கடந்து போவானேன்? நம் மதுரைக்கே வருவோம். தமிழிலே முதன்முதலாக எழுந்த பெரிய இலக்கியக் கலைக்களஞ்சியம் ‘அபிதான சிந்தாமணி’. புலவர், புரவலர், புராணம், இலக்கியம், ஊர், ஆறு என்று ஆயிரமாயிரம் செய்திகளை அகரவரிசையிலே அடுக்கித் தந்த அந்நூலைத் தனியொருவராய்த் தொகுத்தவர் ஆ. சிங்காரவேலனார். அவர் மன்னரா? மிராசுதாரா? சென்னைப் பச்சையப்பன் கல்விநிலையத்திலே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்! மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1910-இல் அது வந்தது. சங்கத்தின் தலைவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இராது, அவர் நாற்காலியிலே அமர்ந்தவர் அல்லரே! ஆனால் இன்றும் ஐயம் தோன்றும்போது தமிழாசிரியர் கை நீளுவது நாற்காலியை நோக்கியா, அந்த நூலை நோக்கியா?

இங்கேயே நேர்மையாக மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த நூலை அச்சேற்றுதற்குத் துணை நின்றவர் பாண்டித்துரையார். பாலவநத்தம் ஜமீனின் செல்வம் அவர் கையில் இருந்தது. அதை அவர் குதிரைக்கும் கூத்துக்கும் வாரி இறைத்திருக்கலாம். சங்கமாக்கினார், கலாசாலையாக்கினார், நூல்நிலையமாக்கினார், ‘செந்தமிழ்’ என்னும் திங்களிதழாக்கினார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்கு எடுத்துத் துணைநின்றார். எனவே அவர் பெயர் நம் பலகையில் நிற்கும் — ஜமீன்தார் என்பதனாலன்று, அந்தச் செல்வம் நூலாய் மாறியதனால். பணப்பை பெயர் பெறாது. பணப்பையிலிருந்து பிறந்த புத்தகம் பெயர் பெறும். தாங்கியவர், தொகுத்தவர் இருவரையும் ஒரே வரியில் எழுதுவோம். அதுதான் நீதி.

இனிக் கடினமான இடத்துக்கு வருவோம். மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியபோது அதற்குப் புரவலராய் நின்றவர் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. தமிழுக்கும் புலவர்க்கும் வாரி வழங்கியவர். விவேகானந்தர் 1893-இல் சிகாகோ சென்றதற்குத் துணை புரிந்தவர் என்று நாடு போற்றும் பெயர். அவர் பெயரை எழுதலாமா, கூடாதா?

கேள்வியின் கனத்தை வேறு மாவட்டத்தார் உணராமற் போகலாம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தார் உணர்வர். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நாடார் சமூகத்தார் நுழைந்தனர். கோவில் தீட்டுப்பட்டது என்று கூறி, அவர்கள் நுழையலாகாது எனத் தடை கேட்டு வழக்கு மன்றம் ஏறியவர், கோவிலின் அறங்காவலராய் இருந்த அதே சேதுபதி. 1899-இல் சிவகாசி சூறையாடப்பட்டது, தென்பாண்டி நாடெங்கும் வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. வழக்கோ மேல்மன்றங்களில் ஏறி ஏறி, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நுழைய முயன்றவர்களுக்கு எதிராகவே முடிந்தது. ஆக, ஒரு கையால் தமிழ்ச் சங்கத்தின் கதவைத் திறந்த அதே காலத்தில், மறு கையால் கோவிலின் கதவைச் சாத்திப் பிடித்திருந்தார் ஒருவர். எந்தக் கையை எழுதுவது?

இரண்டையும் எழுதுக என்பதே நம் விடை! விழா மலர்க்காரர் முதற் கையை மட்டும் காட்டுவர்; வள்ளல், வள்ளல் என்று வாய் வலிக்கப் புகழ்வர். நம் இளங்காளைகள் இரண்டாம் கையை மட்டும் காட்டுவர். அடியோடு அழி என்பர். இருவரும் பாதி மனிதனை எழுதுகின்றனர். முழு வரலாறு இருவரும் அறியாத மூன்றாம் செய்தியையும் சொல்லும். வழக்கு நடக்கையிலேயே சேதுபதி எதிர்த் தரப்பினரோடு உடன்பாடு காண முன்வந்தார்; அறங்காவலருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சட்டம் அதைத் தள்ளிவிட்டது. அழித்தவன் இதை அறிவானா? புகழ்ந்தவன்தான் அறிவானா? மன்னரே மனம் மாற முற்பட்டாலும் மாறவிடாத கட்டு ஒன்று இருந்தது. அதன் பெயர் சாதி. அதற்குக் காவல் சாத்திரம், அதற்கும் காவலாய் நீதிமன்றம் என்னும் பெரும் பாடத்தை, முழுமையாக எழுதுவோர் மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்ல முடியும். மதுரை மீனாட்சி கோவிலின் கதவு தாழ்த்தப்பட்டோர்க்கும் நாடார்க்கும் திறந்தது 1939 சூலையிலேதான். அந்த ஆண்டையும் அதே பலகையில் எழுதுவோம். ஒரு சங்கத்தின் காலம் எப்படிப்பட்டது என்பதை அப்போதுதான் பிள்ளை அறியும்.

நம் இளந்தோழர்கள் சினம் கொள்வர். கொடுமை செய்தவனுக்கும் பலகையில் இடமா என்பர். தோழர்களே, மரியாதை வேறு, குறிப்பு வேறு. மாலை சூட்டுவது ஒன்று. பெயரைப் பதிவு செய்வது மற்றொன்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2020-இல் கால்ட்டன், பியர்சன் ஆகியோர் பெயர்களைத் தன் கட்டடத்திலிருந்தும் விரிவுரை மண்டபங்களிலிருந்தும் நீக்கியது. மனிதரில் உயர்ந்த விதை, தாழ்ந்த விதை என்று பிரித்து, தாழ்ந்தது பெருகக்கூடாது என்ற கொடிய கொள்கையை வளர்த்தவர்கள் அவர்கள். நீக்கியது நன்று, வரவேற்கிறோம். ஆனால் புள்ளியியல் வரலாற்று நூலிலிருந்தும் அவர்களை நீக்கிவிட்டதா? இல்லை. நீக்கினால், அந்தக் கொள்கை எங்கே பிறந்தது, யார் வளர்த்தார், எப்படி அறிவின் போர்வைக்குள் புகுந்தது என்று நாளைய மாணவன் எவ்வாறு அறிவான்? வாயிலில் இருந்து பெயரை எடு. ஏட்டில் இருந்து எடுக்காதே. மாலையைப் பறி, கணக்கைக் கிழிக்காதே! கணக்கைக் கிழிப்பவனால் கடன்காரனை எப்படிக் கேள்வி கேட்க முடியும்?

ஐயரா, அழித்துவிடு என்போர்க்கு ஒரு பெயரை நினைவூட்டுவோம். மதுரைக்கு அருகே விளாச்சேரியில் பிறந்தவர். சூரியநாராயண சாஸ்திரி என்ற தம் பெயரையே தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் என்று வைத்துக்கொண்டவர். 1902-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று தமிழை நீக்க முயற்சி எழுந்தபோது எதிர்த்து நின்றவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தோடு உறவு பூண்டு உழைத்தவர். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று எழுதி நிறுவ முற்பட்டவர். 1903-இல், முப்பத்து மூன்று வயதிலே மறைந்தார். இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று ஏற்றது 2004-இல்! ஒரு நூற்றாண்டு முந்திப் பார்த்த கண்ணைப் பிறப்பைக் காட்டி மூடிவிட்டால், பிறப்பைக் காட்டிக் கதவை மூடியவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? பிறப்பால் உயர்வில்லை என்று சொன்ன வாய், பிறப்பால் இழிவு என்றும் சொல்லக் கூடாது. பகுத்தறிவு இரு பக்கமும் வெட்டும் கருக்கு. ஒரு பக்கம் மழுக்கிவைத்துக்கொண்டு மற்றவனை மட்டும் வெட்டப் புறப்படுவது வீரம் ஆகாது.

இனி, எங்கள் குலத்துப் பெரியவர் என்று உரிமை கொண்டாடும் இரண்டாம் சாரார். இவர்களோடுதான் நமக்குப் பெரும் போர். ஆண்டுதோறும் நம் ஊர்ச் சுவர்களைப் பாருங்கள். தமிழுக்கு உழைத்தவர், நாட்டுக்கு உழைத்தவர், கப்பல் ஓட்டியவர், சங்கம் கண்டவர் என்று ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொருவரையும் ஒவ்வொரு சாதிக் கொடியிலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்! நாடெங்கும் போகும் நாட்காட்டிகளும் சுவரொட்டிகளும் நம் சிவகாசி அச்சகங்களிலே பிறக்கின்றன. ஆகவே இந்த வணிகத்தை நாம் அருகிலிருந்தே பார்க்கிறோம். பாண்டித்துரையார் கண்ட சங்கத்தின் பெயரைச் சுவரொட்டியில் தேடினால் கிடைக்காது. அவர் பதிப்பிக்கத் துணைநின்ற நூலின் பெயர் கிடைக்காது. கிடைப்பது மீசையும் குலப்பெயரும்! செய்த பணியைத் திருடிவிட்டுச் சாதியை மட்டும் மீதம் வைப்பது பெருமையா, பெருங்களவா?

இந்தக் களவு சுவரோடு நின்றிருந்தால் சுண்ணாம்பு பூசிவிட்டுப் போகலாம். பிள்ளைகளின் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது! எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்று பள்ளிச் சிறுவன் அறிந்து வைத்திருக்கிறான். 2023 ஆகத்தில் நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த மாணவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும், உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினர். அதன் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளையும் சாதி அடையாளங்களையும் தடை செய்யவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும் பரிந்துரைத்தது. கயிறு எங்கிருந்து நிறம் பெறுகிறது? சுவரொட்டியிலிருந்து. சுவரொட்டி எங்கிருந்து முகம் பெறுகிறது? நாம் பணியைச் சொல்லாமல் விட்ட பட்டியல்களிலிருந்து! எதைச் செய்தார் என்று ஆசிரியன் சொல்லாத இடத்தில், எந்தச் சாதி என்று தெருவிலே நிற்பவன் சொல்லிக் கொடுக்கிறான். இதனாற்றான் சொல்கிறோம்: தமிழ்ச் சங்கத் தலைவர் பட்டியல் என்பது புலவர்களின் பொழுதுபோக்கு அன்று, அதிலே பிள்ளைகளின் கழுத்து இருக்கிறது.

குலப்பெயரை என்ன செய்வது? 1929-இல் செங்கற்பட்டிலே, பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை விடுக என்று தீர்மானித்தது. அந்நெறி நிற்க. ஆனால் 2021-இல், பள்ளிப் பாடநூலில் சாமிநாத ஐயர் ‘சாமிநாதர்’ ஆனதைப் பற்றிப் பெரும் பூசல் எழுந்ததை நினைவு கூருங்கள். அன்றும் பலர் பெயரின் வாலைப் பற்றிச் சண்டையிட்டனரேயன்றி, அவர் ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடிய உழைப்பைப் பற்றிப் பேசியவர் சிலரே. நம் கருத்து இது: பலகையிலும் பாடத்திலும் சாதிப் பட்டம் வேண்டா. நூல்நிலைய அடைவில் மட்டும், நூல் அச்சான பெயரே நிற்கட்டும். இல்லையேல் தேடி வரும் மாணவன் நூலைக் காணாமல் திரும்புவான். வாலை வெட்டுவது எதற்காக? முகம் தெரிவதற்காக! வாலையும் வெட்டி, முகத்தையும் காட்டாமல் விட்டால் பயன் என்ன?

இராயல் சொசைட்டிக்கு 2015 முதல் 2020 வரை தலைமை தாங்கியவர் சிதம்பரத்திலே பிறந்த வெங்கி இராமகிருட்டிணன். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தபோது நம்மவர் என்ன பேசினர்? எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் குலம்! உயிரணுவுக்குள் புரதத்தை நெய்து தரும் ரைபோசோம் என்னும் நுண்ணிய பட்டறையின் அமைப்பை அவர் கண்டறிந்தார் என்பதை எத்தனை பேர் பேசினர்? பலகையில் அவரை எழுதுவதானால் ரைபோசோமை எழுதுவோம். சிதம்பரம் ஒரு சொல்லாய் இருந்தால் போதும்.

நாற்காலியும் பணியும் ஒருவரிடமே கூடுவதும் உண்டு. தஞ்சைக் கரந்தையிலே 1911-இல் தமிழ்ச் சங்கம் கண்டவர் இராதாகிருட்டிணனார். அதன் தலைமையை ஏற்றவர் அவர் தமையனார் உமாமகேசுவரனார். 1941-இல் வடநாட்டுப் பயணத்தின்போது உயிர் விடும்வரை முப்பது ஆண்டு தலைவர்! ‘தமிழ்ப்பொழில்’ இதழ் 1925-இல் எழுந்தது அவர் காலத்தில். புலவர் கல்லூரி 1938-இல் எழுந்தது அவர் காலத்தில். முப்பது ஆண்டு இருந்தார் என்பதற்காக அன்று, முப்பது ஆண்டும் இயங்கினார் என்பதற்காகத் தலைவர் பெயர் நிற்கட்டும். ஆனால் விதை போட்ட தம்பியின் பெயரும் அதே அளவு எழுத்தில் நிற்க வேண்டும். நிழலை எழுதி வேரை விடுவது உழவன் மகனுக்கு அழகன்று.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 சனவரியில் தில்லியிலே தோன்றியது. அதற்கு உயிர் தந்தவர் ஈழத்துத் தனிநாயக அடிகள். அவர் தலைவர் நாற்காலியில் அமரவில்லை. அதை ஜான் பிலியோசா என்ற பிரெஞ்சு அறிஞர்க்கு விட்டுவிட்டுச் செயலாளர் பணியைச் செக் நாட்டுக் கமில் சுவலபிலோடு பகிர்ந்துகொண்டார். தமிழாராய்ச்சி தமிழனின் தற்பெருமையாய் நின்றுவிடாமல் உலகத்தின் துறையாக வேண்டும் என்று நாற்காலியை விட்டுக் கொடுத்தவர் அவர். தலைவர்களை மட்டும் எழுதும் பட்டியலிலே இந்தப் பெருந்தகை காணாமற் போவார்!

அதே மன்றத்திலே மற்றொரு தலைவர், நம் நெஞ்சுரத்தைச் சோதிக்கும் தலைவர், சப்பான் நாட்டு நொபொரு கராசிமா. 2010-இல் தமிழக அரசு, நம் உள்ளத்துக்கு உகந்த அரசு, உலகத் தமிழ் மாநாடு நடத்த விழைந்தபோது, நல்ல ஆய்வுகள் ஆயத்தமாகக் காலம் போதாது என்று இசைய மறுத்தார் அவர். அரசு வேறு பெயரில், கோவையிலே, செம்மொழி மாநாட்டை நடத்திற்று. மக்கள் வெள்ளமெனத் திரண்டனர்; நாமும் மகிழ்ந்தோம். ஆயினும், ஆட்சியின் விருப்பத்துக்கு முன்னே ஆய்வின் நேர்மையை வைத்துப் பேசிய அந்தத் தலைவரை விட்டுவிடலாமா? சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆயிரக்கணக்கான பெயர்களை எ. சுப்பராயலு முதலியோருடன் எண்ணி, அடுக்கி, அகராதியாக்கி 1978-இல் தந்தவர் அவர். பெயர்களை எழுதுவது எப்படி என்று நமக்கே கற்றுக் கொடுத்தவரின் பெயரை, நமக்குப் பிடிக்காத ஒரு சொல்லைச் சொன்னார் என்பதற்காக நாம் விடுவோமானால், பகுத்தறிவு என்ற சொல்லை இனி நாம் உச்சரிக்க வேண்டா. தலைவனுக்கு அழகு தலையாட்டுவதா? ‘ஆகாது’ என்று சொல்ல வேண்டிய நேரத்தில் ‘ஆகாது’ என்றவரே அறிஞர் கழகத்தின் தலைவர்.

பெண்களின் பெயர் எங்கே என்று ஒரு மாணவி கேட்டால் என்ன விடை சொல்வோம்? 1660-இல் தோன்றிய இராயல் சொசைட்டி, பெண்களை உறுப்பினராய் ஏற்றதே 1945-இல்! நம் சங்கங்கள் மட்டும் விதிவிலக்கா? நாற்காலிப் பட்டியல் மட்டும் எழுதும் வரை, பழைய பக்கங்களிலே பெண்ணின் பெயரை விளக்கு வைத்துத் தேட வேண்டியிருக்கும். பணிப் பட்டியல் எழுதினாலோ நீலாம்பிகையார் வருவார் — வடசொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் திரட்டி அகரவரிசை நூல் செய்தவர். 1938-இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர். அளவுகோலை மாற்றுங்கள்; மறைந்து நின்றவர்கள் தாமே வெளியே வருவர்.

ஆகவே, மலர் வெளியிடும் சங்கத்தார்க்கும், பலகை எழுதும் ஆசிரியர்க்கும், படிப்பகம் நடத்தும் இளைஞர்க்கும் நாம் வைக்கும் விதி நான்கே நான்கு. பெயருக்குப் பக்கத்தில் பணியை எழுதுக; எழுதப் பணி இல்லையேல், பதவி வகித்த ஆண்டைச் சிறிய எழுத்தில் அடைவிலே போட்டுவிட்டு அப்பால் செல்க. செய்த நன்மையை எழுதிய அதே வரியிலே செய்த தீமையையும் எழுதுக, அடிக்குறிப்பிலே ஒளிக்காதே. நாற்காலியில் அமராமல் உழைத்த எழுத்தர், பதிப்பாசிரியர், தொகுப்பாளர் பெயரைத் தலைவர் பெயரோடு சம அளவில் எழுதுக. சாதியை எங்கும் எழுதாதே. சாதியால் கதவு அடைபட்ட செய்தியை மட்டும் எங்கும் விடாதே.

இதனால் பலகை சிறுக்கும் என்று சிலர் அஞ்சுவர். சிறுக்கட்டும்! நாற்பது படங்களின் கீழே நாற்பது பட்டங்களைப் படித்துவிட்டு ஒன்றும் விளங்காமல் போகும் பிள்ளையைவிட, ஐந்து பெயர்களைப் படித்துவிட்டு, அவர்கள் செய்த நூல் ஒன்றை நூல்நிலையத்திலே கேட்டு வாங்கும் பிள்ளை நமக்கு வேண்டும்.

ஏன் இத்தனை வேகம் என்று கேட்பவர் எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். மேலே பளபளக்கும் லேபிள். லேபிளிலே கம்பெனியின் பெயர், மயிலின் படம், நடிகையின் படம். உள்ளே மருந்து செலுத்தி, திரி வைத்து, கட்டிக் கொடுத்த கையின் பெயர் அங்கே இல்லை. அந்தக் கைக்காரியின் பெயர் அச்சிலே ஏறுவது ஒரே ஒரு நாளில் — ஆலை வெடித்த மறுநாள், நாளிதழின் இறந்தோர் பட்டியலிலே! அந்தத் தாயின் பிள்ளைகளும் நம் வகுப்பிலே அமர்ந்திருக்கிறார்கள். உழைத்த கைக்குப் பெயர் இல்லை, லேபிளுக்கே பெயர் என்னும் பாடத்தை அவர்களுக்கு உலகம் கற்பித்துவிட்டது. பள்ளிச் சுவரும் அதையே கற்பிக்க வேண்டுமா?

எழுதுகோலை எடுங்கள், தோழர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே, உங்கள் பள்ளி மன்றத்திலே, எந்தப் பட்டியல் தொங்கினாலும் அதன் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘என்ன செய்தார்?’ என்று ஒரு வினாவை எழுதுங்கள். விடை உள்ள பெயர் நிற்கும்.